போர்க்களத்தை நகர்த்திய வெள்ளிப் பன்றி

நீளம் 28 மில்லிமீட்டர். வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசிய ஒரு ஆண் காட்டுப்பன்றி. 2009-இல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் பகுதியில், ஒரு காலத்தில் சதுப்பாக இருந்த நிலத்தின் ஓரத்தில், மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடியவர்கள் கையில் சிக்கியது. 1485 ஆகஸ்ட் 22 அன்று நடந்த பாஸ்வொர்த் போர் உண்மையில் எந்த வயலில் நடந்தது என்று அதற்கு முன் கால் நூற்றாண்டாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டையை முடித்துவைத்த சாட்சிகளில் இந்தப் பன்றியும் ஒன்று.

போர் நடந்த இடமே தெரியாமல் போகுமா என்று தோன்றலாம். சாதாரணப் போரும் இல்லை. மூன்றாம் ரிச்சர்ட் செத்த போர் அது. போர்க்களத்தில் உயிர்விட்ட கடைசி ஆங்கிலேய மன்னர் அவர்தான். அவரை வென்ற ஹென்றி டியூடர் ஏழாம் ஹென்றியாக முடிசூடி, புதிய அரச வம்சத்தையே தொடங்கிவைத்தார். அப்படியிருந்தும் இடம் தொலைந்துபோனது.

பல தலைமுறைகளாக எல்லோரும் காட்டிய இடம் ஆம்பியன் குன்று. 1974-இல் லெஸ்டர்ஷயர் கவுன்டி நிர்வாகம் அங்கே ஒரு பார்வையாளர் மையத்தைத் திறந்தது. ரிச்சர்ட் தண்ணீர் குடித்ததாகச் சொல்லப்படும் கிணறும் அங்கேதான் இருக்கிறது. குன்றின்மேல் அரசர் நின்றார், கீழிருந்து எதிரி ஏறி வந்தான் என்ற காட்சி மனதில் பதிவதற்கு வசதியாகவும் இருந்தது.

ஆனால் ஆவணங்கள் வேறு பக்கம் கை காட்டின. போர் நடந்த மறுநாளே யார்க் நகர சபை எழுதிவைத்த குறிப்பில் இடத்தின் பெயர் 'ரெட்மோர்' என்று இருக்கிறது. நாணல் முளைக்கும் ஈரநிலத்துக்கு அந்தப் பெயர் பொருந்தும், குன்றுக்குப் பொருந்தாது. 1511-இல் எட்டாம் ஹென்றி, போரில் இறந்தவர்களின் நினைவாக டாட்லிங்டன் கிராமத்து தேவாலயம் நன்கொடை திரட்டிக்கொள்ள அனுமதி கொடுத்தார். அந்த ஆவணம் களத்தை 'டாட்லிங்டன் வயல்' என்றும் சொல்கிறது. ஹென்றி தன் படையின் வலப்பக்கத்தில் ஒரு சதுப்பு இருக்கும்படி நகர்ந்து வந்தார் என்று வரலாற்றாசிரியர் பாலிடோர் வெர்ஜில் எழுதியிருக்கிறார். 1985-இல் காலின் ரிச்மண்ட் என்ற வரலாற்றாசிரியர் ஆம்பியன் குன்றைக் கேள்வி கேட்டார். அப்புறம் பீட்டர் ஃபாஸ் டாட்லிங்டன் பக்கத்துச் சமவெளிக்காக வாதாடினார். வேறு சிலர் மேற்கே ஆதர்ஸ்டன் வரைக்கும் போனார்கள். ஆளுக்கொரு வரைபடம், ஆளுக்கொரு அம்புக்குறி.

பன்றி யாருடையது

ஐரோப்பிய இடைக்காலச் சின்னங்கள் என்றதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, இந்த மிருகத்துக்கு என்ன அர்த்தம் என்பதுதான். சிங்கம் என்றால் வீரம், மான் என்றால் தூய்மை, பன்றி என்றால் பின்வாங்காத மூர்க்கம் என்று அட்டவணை போட்டுத் தரும் எழுத்துகள் நிறைய உண்டு. இந்த வழக்கில் அந்த அட்டவணை காசுக்குப் பிரயோஜனமில்லை. பன்றி வீரத்தைக் குறித்ததா கோபத்தைக் குறித்ததா என்பதை வைத்து ஒரு வயலைக் கண்டுபிடிக்க முடியாது. அது யாருடைய பன்றி, அதை யார் அணியலாம், எந்த உலோகத்தில் அணியலாம் என்ற மூன்று கேள்விகளுக்குத்தான் தடயவியல் மதிப்பு உண்டு.

இதற்கு முதலில் ஒரு வித்தியாசம் புரிய வேண்டும். பிரபுவின் கேடயத்திலும் கொடியிலும் இருக்கும் குலச்சின்னம் வேறு, அவர் ஆட்கள் அணியும் பேட்ஜ் வேறு. குலச்சின்னம் பிரபுவின் சொந்தச் சொத்து. அதைப் பிறர் அணிந்தால் ஆள்மாறாட்டம். ரிச்சர்டின் கேடயத்தில் பன்றி கிடையாது. அங்கே இங்கிலாந்தின் சிங்கங்களும் பிரான்சின் லில்லிப் பூக்களும்தான். பன்றி அவருடைய பேட்ஜ். 'நான் இன்னாருடைய ஆள்' என்று ஊருக்குச் சொல்வதற்காக அவரிடம் வேலை பார்ப்பவர்களும் அவரைச் சார்ந்தவர்களும் நெஞ்சிலோ தொப்பியிலோ குத்திக்கொள்வது. அதனால்தான் பேட்ஜ்களுக்குச் சிக்கலில்லாத ஒற்றை உருவங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். எழுத்து தெரியாதவனுக்கும் இருபதடி தூரத்திலிருந்து பார்த்தால் புரிய வேண்டும்.

வெள்ளைப் பன்றியை ரிச்சர்ட் கிளாஸ்டர் கோமகனாக இருந்த காலத்திலேயே எடுத்துக்கொண்டார். அரசரானதும் அது நாடு முழுக்கப் பரவியது. 1483-இல் தன் மகனை வேல்ஸ் இளவரசராக்கும் விழாவுக்காக, யார்க் நகரத்திலிருந்து அரண்மனை உடைப் பொறுப்பாளருக்கு ரிச்சர்ட் அனுப்பிய உத்தரவில் பன்றி உருவம் போட்ட 13,000 பேட்ஜ்கள் கேட்கப்படுகின்றன. எல்லாம் ஃபஸ்டியன் என்ற முரட்டுத் துணியில். விழா பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் வாரிக் கொடுப்பதற்கான எண்ணிக்கை இது. தேர்தல் கூட்டத்துக்குப் போய்வந்தவர்களுக்கு இந்த மனநிலையை விளக்கத் தேவையில்லை.

எதிரிகளுக்கும் அந்த மிருகங்கள் மனப்பாடம். 1484 ஜூலையில் லண்டன் புனித பவுல் தேவாலயக் கதவில் ஒரு ஈரடிப் பாட்டு ஒட்டப்பட்டது. பூனையும் எலியும் லவல் என்ற நாயும் ஒரு பன்றிக்குக் கீழே இங்கிலாந்து முழுவதையும் ஆள்கின்றன என்பது அதன் சாரம். மூவரும் ரிச்சர்டின் நெருங்கிய ஆட்கள். பூனை வில்லியம் கேட்ஸ்பி, எலி ரிச்சர்ட் ராட்க்ளிஃப், இரண்டும் பெயரைச் சுருக்கிச் செய்த கேலி. லவல் பிரபுவின் சின்னம் ஓநாய், அதை நாயாக இறக்கிவிட்டார்கள். பன்றி யார் என்று சொல்ல வேண்டியதே இல்லை. எழுதியதாகச் சொல்லப்பட்ட வில்லியம் காலிங்போர்னுக்கு மரண தண்டனை. ஹென்றி டியூடருடன் தொடர்பு வைத்திருந்தார் என்பதும் அவர்மேல் இருந்த குற்றச்சாட்டு என்பதால், வெறும் பாட்டுக்காக ஒருவரைக் கொன்றார்கள் என்று சொல்வது பாதி உண்மைதான்.

உலோகம் சொல்லும் அந்தஸ்து

ஒரே பன்றி பல பொருள்களில் வந்தது. துணி மலிவானது, கூட்டத்துக்கு. அதற்கு மேல் காரீயமும் வெள்ளீயமும் கலந்த வார்ப்பு. கல்லில் அச்சு வெட்டி, உருக்கி ஊற்றி, ஒரே நாளில் எக்கச்சக்கமாகச் செய்துவிடலாம். தேம்ஸ் ஆற்றுச் சேற்றிலிருந்து இந்த வகைச் சின்னங்கள் ஏராளமாக வந்திருக்கின்றன. காற்றுப் புகாத சேறு என்பதால் மெல்லிய வால், காதுகூட அப்படியே இருக்கும். அடுத்த படி செம்புக் கலவை. லண்டன் கோபுரத்துக்குப் பக்கத்தில் தேம்ஸ் கரையில் கிடைத்த ஒரு பன்றி அந்த வகை. ஏதோ ஒரு பொருளின் மேல் பதித்திருந்த உருவமாக இருக்கலாம். அதற்கும் மேலே முலாம் பூசிய வெள்ளி. எல்லாவற்றுக்கும் உச்சியில் தங்கமும், உலோகத்தின் மேல் கண்ணாடிப் பொடியை உருக்கி ஒட்டும் எனாமலும்.

உச்சிக்கு ஒரு எடுத்துக்காட்டு டன்ஸ்டபிள் அன்னம். 1965-இல் டன்ஸ்டபிள் ஊரில் ஒரு பழைய டொமினிக்கன் மடத்தின் இடத்தைத் தோண்டியபோது கிடைத்தது, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் 1400-ஐச் சேர்ந்தது. மூன்று சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் உயரம். தங்க உடலின் மேல் வெள்ளை எனாமல், கழுத்தில் தங்கக் கிரீடம், அதிலிருந்து ஒரு சங்கிலி. அன்னம் போஹன் குடும்பத்தின் சின்னம். அந்தக் குடும்பத்துப் பெண் மேரியைப் பிற்கால நான்காம் ஹென்றி மணந்ததால் லான்காஸ்டர் வம்சத்துக்கு வந்து, வேல்ஸ் இளவரசரின் அடையாளமாகவும் ஆனது. 1459-இல் ஆறாம் ஹென்றியின் அரசி மார்கரெட் தன் மகனுக்காக அன்னச் சின்னங்களைச் செஷயர் பகுதிப் பெரிய மனிதர்களுக்கு வழங்கினார் என்று ஒரு குறிப்பு உண்டு. இந்தக் கைவேலை சாதாரணமானதல்ல. தங்கத்தை உருண்டு திரண்ட உடலாக உருவாக்கி, அதன் வளைவுகளில் எனாமல் பொடியை நிறுத்தி, சூளையில் வைத்து வழியாமல் எடுக்க வேண்டும். தட்டையான பரப்பில் எனாமல் போடுவது ஒரு வித்தை என்றால் இது பத்து வித்தை. அப்படி ஒன்றை ஒருவருக்குப் பரிசாகக் கொடுக்கிறோம் என்றால் அவர் தெருவில் நிற்கும் சேவகர் அல்ல.

பாஸ்வொர்த் பன்றி இந்த ஏணியில் மேலிருந்து இரண்டாவது படி. வெள்ளியின் மேல் முலாம் பூசுவது அக்காலத்தில் பாதரசம் கொண்டு செய்யும் வேலை. தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துக் குழம்பாக்கி, வெள்ளியின் மேல் தடவிச் சூடேற்றுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும், அப்புறம் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். அந்த ஆவி செய்பவனின் உடம்பில் விஷமாக ஏறும் என்பது இன்று நமக்குத் தெரியும். ஆனால் முலாம் எளிதில் உரியாது. 500 ஆண்டு உழவுக்குப் பிறகும் தங்கம் தெரிகிறதென்றால் காரணம் அதுதான்.

ஆகவே இந்தப் பன்றியை அணிந்தவர் துணிப் பேட்ஜ் வாங்கிய 13,000 பேரில் ஒருவர் அல்ல. அரசரின் சொந்த வட்டத்தைச் சேர்ந்தவர், பெரும்பாலும் அவர் வீட்டுப் படையில் இருந்த ஒரு நைட். ரிச்சர்ட் கடைசியில் செய்தது ஒரு நேரடிப் பாய்ச்சல். சண்டையின் நடுவில் ஹென்றி தன் சிறு கூட்டத்தோடு தனியாக நிற்பதைப் பார்த்து, தன் நெருங்கிய குதிரைவீரர்களோடு அவரை நோக்கிப் பாய்ந்தார். ஹென்றியின் கொடியைப் பிடித்திருந்தவன் விழுந்தான். அவ்வளவு நெருங்கிவிட்டார்கள். அந்த நேரத்தில், அதுவரை யார் பக்கம் என்று சொல்லாமல் நின்ற வில்லியம் ஸ்டான்லியின் ஆட்கள் ஹென்றிக்காக இறங்கினார்கள், ரிச்சர்ட் சூழப்பட்டார். பர்கண்டி நாட்டு எழுத்தர் ழான் மோலினே, ரிச்சர்டின் குதிரை ஒரு சதுப்பில் பாய்ந்து மீள முடியாமல் மாட்டிக்கொண்டது, வேல்ஸ் நாட்டான் ஒருவன் ஹால்பர்ட் என்ற நீண்ட கோடரியால் அடித்துக் கொன்றான் என்று எழுதினார். அரசரோடு அந்தப் பாய்ச்சலில் போகக்கூடியவர்களின் நெஞ்சில் இருந்திருக்க வேண்டிய சின்னம் எதுவோ, அதேதான் சதுப்பின் ஓரத்தில் கிடைத்திருக்கிறது.

தேடல்

2005-இல் தொடங்கிய ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் போர்க்களத் தொல்லியலாளர் க்ளென் ஃபோர்ட். பிரிட்டனின் தேசிய லாட்டரி நிதியிலிருந்து பணம் வந்தது, தன்னார்வலர்கள் டிடெக்டரோடு நடந்தார்கள். அகழாய்வு என்றதும் மனதில் வரும் பள்ளமும் தூரிகையும் இங்கே இல்லை. இடைக்காலப் போரின் மிச்சங்கள் உழவு மண்ணிலேயே சிதறிக் கிடக்கும். சீரான இடைவெளியில் கோடு கோடாக நடந்து, பொருள் கிடைத்த ஒவ்வொரு புள்ளியையும் குறித்துக்கொண்டே போக வேண்டும். கிடைப்பதில் பெரும்பகுதி குப்பை: உழவரின் பித்தளைப் பொத்தான், குதிரைச் சேணத்தின் வளையம், பிற்காலக் காசு. இரும்பு அம்புமுனைகள் துருவேறிக் கரைந்துபோகும். மேலும், போர் முடிந்ததும் பிணங்களின் உடம்பிலிருந்து விலைமதிப்புள்ளதையெல்லாம் உருவிக்கொள்வது வழக்கம். மிதிபட்டுச் சேற்றுக்குள் புதைந்து கண்ணில் படாமல் போனது மட்டும்தான் நமக்கு மிச்சம்.

அதே நேரத்தில் மண்ணியல் வேலையும் நடந்தது. 15ஆம் நூற்றாண்டில் எங்கே ஈரம் நின்றது என்று மண் அடுக்குகளைப் பார்த்தார்கள். பழைய வயல்களின் பெயர்கள், நில ஆவணங்கள், ரோமானியர் காலச் சாலையான ஃபென் லேன் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். இந்த வேலைக்குச் செய்தித்தாளில் படம் வராது. ஆனால் இது நடக்காமல் இருந்திருந்தால் பன்றி ஒரு அழகான பொம்மை மட்டுமே.

2009-இல் ஈயக் குண்டுகள் வரத் தொடங்கின. ஒன்று, அப்புறம் இன்னொன்று. கடைசியில் 30-க்கும் மேல். பீரங்கிகளும் கைத்துப்பாக்கிகளும் சுட்டவை. ஐரோப்பாவின் 15, 16ஆம் நூற்றாண்டுப் போர்க்களங்கள் எல்லாவற்றிலும் அதுவரை கிடைத்திருந்ததை மொத்தமாகச் சேர்த்தாலும் இந்த எண்ணிக்கை வராது என்று ஃபோர்ட் சொன்னார். குண்டுகள் சிதறிக் கிடந்த இடம் ஆம்பியன் குன்றிலிருந்து தென்மேற்கே சுமார் 3 கிலோமீட்டர், ஃபென் லேன் சாலையின் இருபுறமும். பன்றி கிடைத்தது அதே பரப்பில், ஃபென் ஹோல் என்ற இடத்தில், இடைக்காலச் சதுப்பின் விளிம்பில். கண்டுபிடிப்பை 2009 அக்டோபரில் அறிவித்தார்கள், ஆனால் இடத்தைச் சொல்லவில்லை. இரவோடு இரவாக டிடெக்டர் தூக்கிக்கொண்டு வரும் புதையல் திருடர்களுக்குப் பயந்து 2010 பிப்ரவரி வரை ரகசியமாகவே வைத்திருந்தார்கள். சரியான முடிவு. ஒரு போர்க்களத்தில் பொருளைவிட அது கிடந்த புள்ளிக்குத்தான் மதிப்பு அதிகம். திருடன் பொருளை எடுத்துக்கொண்டு புள்ளியை அழித்துவிடுவான்.

சாட்சியின் எல்லை

அறிவிப்பு வந்ததும் பத்திரிகைகள் ஒரு படி மேலே போயின. அரசர் விழுந்த இடமே இதுதான் என்று தலைப்புகள் வந்தன. இங்கேதான் நான் பிரேக் போடுவேன்.

கிழக்கு சசெக்ஸில் சிடிங்லி என்ற ஊர் இருக்கிறது. 1999-இல் அங்கேயும் முலாம் பூசிய ஒரு வெள்ளிப் பன்றி கிடைத்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாஸ்வொர்த் பன்றியின் நெருங்கிய சொந்தம் என்று சொல்லலாம். சிடிங்லியில் 1485-இல் எந்தப் போரும் நடக்கவில்லை. ரிச்சர்டின் ஆள் ஒருவர் எந்த வழியாகப் போய் எப்படித் தொலைத்தாரோ. பேட்ஜ் என்பது ஊசியில் தொங்கும் பொருள், சாதாரணமாகவே கழன்று விழும். ஆகவே தனியாக ஒரு பன்றி எந்தப் போரையும் நிரூபிக்காது. பாஸ்வொர்த்தில் அதற்குக் கனம் கொடுப்பவை சுற்றிலும் கிடக்கும் ஈயக் குண்டுகள். குண்டுகள் இங்கே ஒரு பெரிய சண்டை நடந்தது என்று சொல்கின்றன. ஆனால் எந்தச் சண்டை, யார் யாரோடு என்று ஈயத்துக்குச் சொல்லத் தெரியாது. அந்த வேலையைப் பன்றி செய்கிறது. ஒன்றில்லாமல் மற்றதற்குப் பாதி மதிப்புதான்.

அரசர் விழுந்த இடம் என்ற வாதத்தை எடுத்துக்கொண்டால், பன்றி, சதுப்பு, மோலினேயின் வரி மூன்றும் அழகாகப் பொருந்துவது உண்மை. 2012-இல் லெஸ்டர் நகரத்தின் ஒரு கார் நிறுத்தத்துக்குக் கீழே ரிச்சர்டின் எலும்புக்கூடே கிடைத்தபோது பொருத்தம் இன்னும் கூடியது. மண்டையோட்டின் பின்புறம் அடியில், ஹால்பர்ட் போன்ற ஆயுதம் வெட்டி எடுத்த பெரிய காயம். ஆனாலும் பன்றி அரசருடையது அல்ல, அவர் ஆள் ஒருவருடையது. அந்த ஆள் பாய்ச்சலில் செத்திருக்கலாம். தோற்று ஓடும்போது, பிடிபட்டால் தலை போகும் என்று தானே பிய்த்து எறிந்தும் இருக்கலாம். காலையில் உயிரைக் காத்த சின்னம் மாலையில் உயிரை வாங்கும். களம் எது என்று இந்தப் பன்றியை வைத்துச் சொல்லலாம். அரசர் விழுந்த அடி எது என்று சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம் இந்த வழக்கில் அதிகம் பேசப்படுவதில்லை. அன்று களத்தில் இரண்டு பன்றிகள் இருந்தன. ஹென்றியின் முன்னணிப் படையை நடத்திய ஆக்ஸ்ஃபோர்ட் பிரபு ஜான் டி வேரின் குடும்பச் சின்னமும் காட்டுப்பன்றிதான், ஆனால் நீலம். ரிச்சர்ட் கடைசியாக லெஸ்டரில் தங்கிய விடுதி 'வெள்ளைப் பன்றி' என்றும், அவர் தோற்றதும் விடுதிக்காரர் பலகைக்கு நீலம் அடித்துவிட்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை உண்மையோ இல்லையோ, வண்ணம்தான் கட்சி என்பதைக் காட்டுகிறது. உலோக வேலையில் இது தொல்லை. வெறும் ஈயத்தில் வார்த்த பன்றியில் வெள்ளையா நீலமா என்று எப்படித் தெரியும்? சாயம் பூசியிருந்தாலும் போயிருக்கும். பாஸ்வொர்த் பன்றியை ரிச்சர்டின் பக்கம் சேர்ப்பதற்கு, வெள்ளி என்ற உலோகம் குலச்சின்ன மரபில் வெள்ளை நிறத்துக்கு நிற்பதும், சிடிங்லி போன்ற உறவுகள் ரிச்சர்டோடு இணைவதும் துணை. என் கணக்கில் அது போதுமான ஆதாரம். ஆனால் ஆதாரம் வேண்டிய கேள்வி அது என்பதையாவது காட்சிக்கூடப் பலகையில் எழுதலாம்.

பாஸ்வொர்த் பன்றி இப்போது ஆம்பியன் குன்று மையத்தில், அது கிடைத்த வயலிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி, காட்சியில் இருக்கிறது. மையத்தை இடித்து வயலுக்கு மாற்றவில்லை. மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. குன்றிலிருந்து பார்த்தால் சமவெளி முழுதும் தெரியும். போர்க்களமாகப் பதிவு செய்யப்பட்ட பரப்பின் எல்லையைத்தான் புதிய ஆதாரங்களுக்கு ஏற்ப விரித்து வரைந்தார்கள். பதிவு என்பதற்குச் சட்டத்தில் பல் குறைவு. 2018-இல் அந்தப் பரப்பின் மேற்கு ஓரத்தில் ஓட்டுநர் இல்லாத கார்களைச் சோதிக்கும் தடம் அமைக்க ஒரு நிறுவனம் அனுமதி கேட்டது. வரலாற்று ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். உள்ளூர் நிர்வாகத்தின் திட்டக்குழு ஒருமுறை தள்ளிப்போட்டு, மறுமுறை அனுமதி கொடுத்துவிட்டது.